குட்டி போட்ட ஒன்பதாம் நாள்

இன்று அலங்காநல்லூர் பக்கம் பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணையைச் சுற்றிப் பார்க்கப் போனோம். என் கைக்குழந்தை இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மனசு மாறும் என்று மாமியார் கூட்டிப்போனார்.

ஒரு கொட்டடியில் பெண் குதிரை ஒன்று தனியாக நின்றது. மடியில் பால் கட்டியிருந்தது.

"போன வாரம் குட்டி போட்டுச்சு, குட்டி செத்துப்போச்சு," என்றார் சுற்றிக்காட்டியவர். "ஒம்பதாம் நாளு மறுபடி ஆண் குதிரையோட சேத்துருவோம். ஒரு வருசம் வீணாப் போகக்கூடாதுல்ல. ஒதைக்காம இருக்கப் பின்னங்காலக் கட்டிருவோம், அம்புட்டுத்தான்."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாமியார் என் கையை இடித்தார். "பாத்தியாத்தா, வாயில்லாச் சீவனே மறந்துட்டு அடுத்ததுக்கு நிக்குது. நீயும் அழுதுக்கிட்டே கெடக்காம அடுத்ததப் பெத்துக்க."

"மறந்துருச்சுன்னா எதுக்கு அத்தை காலக் கட்டுறாங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி, செல்லூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

இதைப் படிப்பவர்களில் துக்கம் விசாரிக்க இன்னும் வர வேண்டியவர்கள் வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன். அடுத்த பிள்ளையைப் பற்றி மட்டும் பேச வேண்டாம். போனவள் பேர் முத்துமாரி. அவளைப் பற்றிக் கேளுங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.