அட்டை மூடிய கிளாஸ்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவி ஜானிஸ் மட்டும் அந்தப் பெரியவரைப் பார்க்காமல் இருந்திருந்தால், நானே இதை மனப்பிரமை என்று தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் எங்கள் ஊரான பார்ன்ஸ்லியில் காலையிலிருந்து விடாத மழை. நானும் என்னோடு கூரை வேலை செய்யும் டெஸ்ஸும் நாள் முழுக்கப் பள்ளிக்கூடக் கூரையில் ஓடு மாற்றிவிட்டு, முட்டி கழன்று விழுகிற நிலையில் இறங்கினோம். வழக்கமாகக் குடிக்கப் போகும் பப்பில் தண்ணீர்க் குழாய் வெடித்துப் பூட்டிக் கிடந்தது. அதனால் சர்ச்சுக்கு எதிரே இருக்கும் 'டிரோவர்ஸ்' பப்புக்குள் நுழைந்தோம். என் வீட்டுக்குப் பக்கம்தான். ஆனால் கிழடுகள் கூடுகிற இடம் என்று எனக்கு ஓர் இளக்காரம்.

உள்ளே நிற்க இடமில்லை. கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் நிறைந்த பீர் கிளாஸ். கிளாஸின் வாய்மேல் வட்ட அட்டை.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை மேலே வைத்துவிட்டு ஒருவர் போனால், சிகரெட் பிடித்துவிட்டு வந்துவிடுவார் என்று பொருள். அந்த கிளாஸையும் இடத்தையும் யாரும் தொட மாட்டார்கள்.

நான் தொட்டேன்.

"டேய் கிளைவ், மேல அட்டை இருக்குடா. ஆளு வருவாரு," என்றான் டெஸ்.

"வந்தா எந்திரிச்சுக்கிறேன். நீ சும்மா கெட."

அட்டையை மேசையில் எறிந்தேன். கிளாஸை ஜன்னல் விளிம்புக்குத் தள்ளினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்... பீரில் நுரை கொஞ்சமும் அடங்கவில்லை. பக்கத்து மேசைக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போனது. எனக்கோ பசி. பொரித்த மீனும் சிப்ஸும் வந்ததும் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

ஆறேகால் இருக்கும். எதிரே ஒரு பெரியவர் நின்றார். கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை. தொப்பியிலிருந்து மழைநீர் சொட்டியது. சொட்... சொட்...

"தம்பி... அது என் இடம்."

குரலில் கோபமே இல்லை. நான் எழுந்திருக்கலாம். இரண்டு வாய் மீன்தான் பாக்கி. ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொழுப்பு.

"இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க பெரியவரே? சிகரெட் பிடிச்சீங்களா, இல்ல புகையிலை நட்டு அறுத்துட்டு வர்றீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வெளியில குளிருது தம்பி. நான் எங்க போறது?"

"எங்க வீட்டுக்குப் போங்க. சர்ச்சுக்குப் பின்னாடி, நீலக் கதவு. என் பொண்டாட்டி டீ போட்டுத் தருவா. என் நாற்காலி காலியாத்தான் கெடக்கு!"

இன்னும் பலமான சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. நான் எறிந்த அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி தம்பி," என்றார். போய்விட்டார்.

அவர் நின்ற இடத்தைப் பார்த்தேன். கம்பளத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அதற்குமேல் மீன் இறங்கவில்லை. ஒரு வயதானவரை மழையில் விரட்டிவிட்டேனே என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வெளியே ஓடினேன். தெருவில் யாரும் இல்லை. பஸ் நிறுத்தத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். ஜானிஸ் கதவைத் திறந்தாள்.

"ஆளை அனுப்பிட்டு நீ இவ்ளோ நேரங்கழிச்சு வர்ற?"

"எந்த ஆளு?"

"ஒரு தாத்தா. நீதான் அனுப்புனேன்னாரு. பாவம், கை ஐஸா இருந்துச்சு. உன் நாற்காலியில உக்கார வச்சு டீ கொடுத்தேன்."

"இப்போ... எங்க?"

"சிகரெட் பிடிச்சுட்டு வர்றேன்னு வெளிய போனாரு."

உள்ளே போனேன்.

என் நாற்காலி.

அதன் முன்னால் டீக் கோப்பை.

கோப்பையின்மேல்... டிரோவர்ஸ் அட்டை.

மறுநாள் அந்தப் பப்பை நடத்தும் பெவ் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது.

"நேத்து நான் சமையக்கட்டுல மாட்டிக்கிட்டேன் கண்ணு. இல்லேன்னா உன்னைத் தொட விட்டிருக்க மாட்டேன். அது வில்ஃபோட இடம். வெள்ளிக்கிழமையானா நாலு மணிக்கே அவருக்கு ஊத்தி, அட்டையை வச்சு மூடிருவேன். அவர் செத்து ஒம்போது வருஷமாச்சு."

எப்படிச் செத்தார் என்று கேட்டேன்.

"வீட்டுல குளிர்காயக்கூட அவருக்கு வழி இல்ல. இந்தக் கணப்புதான் கதி. அன்னைக்கும் இதே மாதிரி மழை. சிகரெட் பிடிச்சுட்டு வந்து பாத்தா, எவனோ அட்டையை எடுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கான். வில்ஃப் சண்டை போடுற ஆளில்ல. பேசாம போயிட்டாரு. காலையில பஸ் ஸ்டாப்புல... விறைச்சுக் கெடந்தாரு."

அந்த எவனோ செய்ததைத்தான் நானும் செய்தேன். நான் அவரைக் கேலியும் பண்ணினேன்.

பெவ் இன்றும் அந்த கிளாஸை வைக்கிறார். இப்போதெல்லாம் நுரை உடனே அடங்கிவிடுகிறதாம். வில்ஃப் வருவதில்லையோ என்று கண் கலங்குகிறார்.

அவர் எங்கே வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

நான் இப்போது படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அட்டையை எடுக்க எங்கள் இருவருக்கும் துணிவில்லை.

நேற்று அந்தக் கோப்பையை மட்டும் தொட்டுப் பார்த்தேன்.

டீ இன்னும் சூடாக இருக்கிறது.