அப்பா சுகமாக இருக்கிறார்

என் மேசை இழுப்பறையில் நீல நிற வான்கடிதம் ஒன்று இருக்கிறது. மடிப்புகள் வெளுத்து, ஒரு மூலை கிழிந்துவிட்டது. பயணிகளுக்கு வரும் கடிதங்களை அவர்கள் வரும்வரை எடுத்துவைக்கும் ஏதென்ஸ் நகரத்துப் பெரிய தபால் நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிய கடிதம். சிட்னியிலிருந்து அக்கா எழுதியது. “அப்பா சுகமாக இருக்கிறார். இன்றைக்குப் புட்டும் வாழைப்பழமும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ ரோமிலிருந்து அனுப்பிய படத்தைத் தான் உட்காருகிற கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.” தபால் நிலையப் படியில் உட்கார்ந்து இரண்டு தரம் வாசித்தேன். மனம் லேசாகிவிட்டது. எழுந்து போய் ஒரு தொப்பி வாங்கினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் தமிழர் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் லிட்கமில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா ஊரிலேயே காலமாகிவிட்டார். அக்கா பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் தாதி. நான் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறுபவன். அங்கே என்னோடு வேலை செய்த வெள்ளைக்கார இளைஞர்கள் முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, வெயிலில் காய்ந்த முகத்தோடும் ஓயாத கதைகளோடும் திரும்பி வந்தார்கள். எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. “அவையள் திரியலாம். அவையின்ரை தேப்பனைப் பாக்க ஆரும் இருப்பினம்,” என்றாள். அப்பா என் முதுகுப்பையின் வாரை இழுத்துப் பார்த்து, தொய்ந்திருந்த ஒன்றை இறுக்கிவிட்டார். “போய்ட்டு வா,” என்றார்.

கதைகளில் அவர்கள் சொல்லாமல் விட்டவை எனக்காகவே காத்திருந்தன. ஜெர்மனியில் ஒரு தெருவோரம் நான்கு மணி நேரம் மழையில் கட்டைவிரலை நீட்டியபடி நின்றேன். வேகத்தைக் குறைத்த கார்கள் என் முகத்தைக் கண்டதும் வேகமெடுத்தன. தொலைபேசியில் ‘கட்டில் இருக்கிறது’ என்ற விடுதிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் இடமில்லாமல் போய்விடும். ஒரு ரயிலில் கம்பளிச் சட்டையைப் பறிகொடுத்தேன். பாண் ரொட்டியும் தகரத்தில் அடைத்த மீனும் தின்று வயிறு புண்ணாகியது. ஆனாலும் ஒருநாள் காலை, லொறிச் சாரதி ஒருவர் அல்ப்ஸ் மலைக் கணவாயில் என்னை இறக்கிவிட்டு, பாதிப் பாற்கட்டியையும் கையில் தந்துவிட்டுப் போனார். சுற்றிலும் பனி. நான் யாருடைய மகனும் இல்லை, யாருடைய தம்பியும் இல்லை என்று தோன்றியது. அந்தச் சுகத்தை நான் மறைக்கப்போவதில்லை. அதற்குப் பிறகு எனக்கு வீட்டுக்குப் போகவே மனமில்லை.

பாரிஸில் அக்காவின் கடிதம் வந்தது. “அப்பாவுக்கு நெஞ்சுநோ. வைத்தியர் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. நீ உடனே வந்தால் நல்லது.” அதற்கு முந்திய கடிதங்களிலும் அப்பாவின் இருமல், அப்பாவின் நித்திரையின்மை என்று ஏதாவது இருக்கும். என்னை இழுத்தெடுக்கப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு தபாலட்டை வாங்கி எழுதினேன்: “அப்பாவுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று. இத்தாலியும் கிரீஸும் பார்த்துவிட்டு வருகிறேன். இனி நல்லதாக எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.”

அக்கா நல்லதாக எழுதினாள். ரோமில் கிடைத்த கடிதத்தில் அப்பா தோட்டத்தில் வெண்டி நட்டிருந்தார். நான் ஒரு படத்தை அனுப்பிவிட்டுக் கிரீஸுக்குக் கப்பலேறினேன். மேல்தட்டில், முன்பின் தெரியாதவர்களோடு வத்தகப்பழம் வெட்டித் தின்று, பாடச் சொன்னார்கள் என்று பாடவும் செய்தேன். தீவுகளைப் பார்த்தேன். பிறகுதான் ஏதென்ஸும் அந்த நீலக் கடிதமும்.

சிட்னி விமான நிலையத்தில் அக்காவின் பக்கத்தில் என் வயதுள்ள ஒருவர் நின்றார். மொட்டையடித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது. அவருக்குக் கூச்சமாக இருந்ததென்பது தெரிந்தது. அக்கா என் முதுகுப்பையைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள்.

“இவர்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைச்சவர். கும்பிடு,” என்றாள்.

அவர் தமிழ்நாட்டிலிருந்து பொறியியல் படிக்க வந்தவராம். “மன்னிச்சிருங்க. வேற ஆளே இல்லன்னு அக்கா கேட்டாங்க. அப்பாவ நான் அதுக்கு முன்னாடி ரெண்டு தடவதான் பாத்திருக்கேன்,” என்றார். நான் கும்பிட்டேனா என்பது நினைவில்லை. தொப்பியைக் கழற்றினேன் என்பது நினைவிருக்கிறது. காரில் ஏறிய பிறகு, ஏன் எழுதவில்லை என்று கத்தினேன். அக்கா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

“நல்லதாய் எழுதச் சொன்னாய். எழுதினன்.”

பிறகு என் பயண நாட்குறிப்பை வைத்துக் கணக்குப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவர் என் அப்பாவுக்கு மகனாக நின்ற அன்று, நான் கப்பலில் வத்தகப்பழம் தின்றுகொண்டிருந்தேன். நீலக் கடிதத்தில் இருந்த திகதி அதற்குப் பிறகு நாலாம் நாள். எங்கள் வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை. தீட்டு வீட்டில் இருந்துகொண்டு, இல்லாத அப்பாவுக்குப் புட்டும் வாழைப்பழமும் இரண்டாந்தரம் பரிமாறி எழுதியிருக்கிறாள். அக்கா செய்தது கொடுமை. அதைவிட மெல்லிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கொடுமையை ஒரு தபாலட்டையில் எழுதிக் கேட்டு வாங்கியவன் நான். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க இத்தனை வருடங்களாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

அக்கா இப்போது டூங்கபியில் தனியாக இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவேன். மரக்கறி விலை, முழங்கால் நோ எல்லாம் கதைப்போம். போன ஞாயிறு அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அவள் கண்ணாடியைப் போட்டு, வேறு யாரோ எழுதியதைப் போல முழுவதையும் வாசித்து, திருப்பித் தந்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விமான நிலையத்தில் வந்திறங்கிய அன்றிலிருந்து நான் கேட்கப் பயந்த கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்டேன்.

“கடைசியிலை அப்பா என்னைக் கேட்டவரோ, அக்கா?”

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நல்லதாய்ச் சொல்லட்டோ?” என்றாள்.

நான் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா எழுந்து போய் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.