பதினோரு மணி டோக்கன்

1. முதலாளி சொல்லிக் கொடுத்தது

வாடகைக் கார் ஓட்டச் சேர்ந்த முதல் நாளே, செஞ்சி கூட்டுரோட்டில் வைத்து முதலாளி சொன்னார்: "த பாரு, பார்ட்டி ஏறினா அங்க நிறுத்து, இங்க நிறுத்துன்னு ஆயிரம் சொல்லும். முடியாதுன்னு சொல்லாத. ரிட்டர்ன்ல பாத்துக்கலாம்னு சொல்லு. ரிட்டர்ன்ல எவனும் கேக்க மாட்டான்."

அது உண்மைதான். கோயிலோ கல்யாணமோ, போகும்போது ஜன்னலில் மூக்கைத் தேய்ப்பவர்கள் திரும்பும்போது வாயைப் பிளந்து தூங்குவார்கள். முப்பத்தோரு வருஷம் அந்த ஒரே பதிலை வைத்து ஓட்டினேன். டயத்துக்குக் கொண்டுபோய் விடுவான் என்று ஸ்டாண்டில் பேர் வாங்கினேன். அந்தப் பேரைத் தூக்கி நெருப்பில் போட வேண்டும்.

2. கரண்ட் வைக்கப் போனது

பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் காதர் பாயின் மனைவி ஜமீலா அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கரண்ட் வைக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தினமும் போய்த் திரும்ப வேண்டும். வண்டிக்கு நான்.

முதல் நாள் ஊர் எல்லை தாண்டியதுமே அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டார். நோயாளி மாதிரியே இல்லை.

"யா அல்லா, இந்த வெயில்லயும் ஏரியில தண்ணி நிக்குது பாருங்க! கட்டிக்கினு வந்ததுலேர்ந்து கடைக்குப் பின்னாடிதான் வீடு. நோவு வந்ததாலதான் இதெல்லாம் பாக்குறேன். போற எடம் ஆஸ்பத்திரின்னா இன்னா? எனக்கு இதான் டூரு."

பாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏரிக்கரையில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் தோள் பக்கம் குனிந்து கேட்டார்.

"தம்பி, ஒரு பத்து நிமிசம் நிறுத்தேன். கரையில குந்தி ஒரு நுங்கு தின்னுட்டு வந்துடுறேன்."

"நிறுத்துப்பா" என்றார் பாயும்.

"டோக்கன் போயிடும்க்கா. ரிட்டர்ன்ல பாத்துக்கலாம்."

டோக்கன் எங்கே போகும்? பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். நான் ஒன்பதே முக்காலுக்கே கொண்டுபோய் விடுவேன். கூப்பிடும்வரை அக்கா பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வெளியே டீ குடித்தபடி, எவ்வளவு நேரத்தில் வந்தேன் என்று மற்ற டிரைவர்களிடம் பீற்றிக்கொண்டிருப்பேன்.

கரண்ட் வைத்து முடித்தால் ஒரே வாந்தி. திரும்பும்போது அவரால் தலையைத் தூக்கவே முடியாது. இது எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. தெரிந்தும், மறுநாள் கேட்டபோது அதே பதிலைச் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். ஒரு வாரத்தில் அக்கா கேட்பதையே விட்டுவிட்டார். ஏரி வரும்போது மட்டும் கழுத்தைத் திருப்பி, மறைகிறவரை பார்ப்பார். அதை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பாவி நான்.

3. இருபத்திரண்டாம் நாள்

அன்று டாக்டர் பாயைத் தனியாகக் கூப்பிட்டார். நோய் எங்கெங்கோ பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். வெளியே வந்த பாய் என்னிடம், "போலாம்பா. இனிமே வர வேலை இல்ல" என்றார்.

அக்காவைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். தலை பாயின் மடியில். ஏரி வந்ததும் யாரும் கேட்காமலே ஓரம் கட்டினேன். ஓடிப்போய் நுங்கு வாங்கி வந்து பின்கதவைத் திறந்தேன்.

"அக்கா, நுங்கு வாங்கியாந்துட்டேன். கண்ணத் தொறந்து பாருங்கக்கா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "வூடு வந்துடுச்சா?" என்றார்.

"இல்லக்கா. ஏரி."

"நிறுத்தாத தம்பி. வலிக்குது. போ."

பாய் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். காறித் துப்பியிருந்தாலும் தேவலை. அதற்கு ஒன்பதாம் நாள் அக்கா மவுத்தாகிவிட்டார். அடக்கத்துக்கு மையத்தைத் தூக்கும்போது நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது ஸ்டியரிங் பிடிக்கிற தம்பிகளுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. போய்ச் சேர்கிற இடம் எங்கேயும் ஓடிவிடாது. வழியில் பார்ப்பதுதான் சிலருக்குப் பயணமே. யாராவது நிறுத்தச் சொன்னால் அங்கேயே, அப்போதே நிறுத்துங்கள். ஜமீலா அக்கா கேட்டது பத்து நிமிஷம். என்னிடம் தினமும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.