சிங்கத்தின் மூக்குக் கண்ணாடி

ரோதாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊரில் கைப்பம்பு மக்கர் செய்தால் ஸ்பேனரோடு ஓடி வருகிறவள் அவள்தான். ஊர்த்தலைவரைச் சிங்கக் குலத்துக்காரர் என்பதால் எல்லோரும் மரியாதையாக ‘ஷும்பா’, அதாவது சிங்கம், என்பார்கள். ஜிம்பாப்வேயில் எது கெட்டாலும் அவர் ஒரே காரணம்தான் சொல்வார்: வெளிநாட்டுக்காரன் போட்ட பொருளாதாரத் தடை. மருந்து இல்லையா, தடை. பாலம் இடிந்ததா, அதுவும் தடை. அது முழுப் பொய் என்று ரோதா சொல்ல மாட்டாள். பம்புக்கு வாஷர் கிடைக்காமல் பழைய செருப்பை வெட்டி மாட்டியவள் அவள். ஆனால் பாலத்துக்கு வந்த சிமெண்ட் தலைவரின் கோழிக்கூண்டுக்குத் தளமாகப் போனதும் அவளுக்குத் தெரியும்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு தலைவர் மரத்தடியில் கூட்டம் போட்டு முப்பத்தொரு பெயர்களை வாசித்தார். இவர்களுக்கெல்லாம் படிக்கத் தெரியாது, கண் சரியில்லை, அதனால் சாவடிக்குள் இவர்கள் ஓட்டைத் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். பம்புக் கையேட்டை வரி விடாமல் படிக்கிற ரோதாவின் பெயரும் அதில் இருந்தது. போன இரண்டு தேர்தலிலும் அப்படித்தான். அவர் கோடு போட, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுத்தால் நிவாரணச் சோளப் பட்டியலில் பெயர் இருக்காது. மழை பொய்த்த வருஷத்தில் அந்த மூட்டைதான் சாப்பாடு. அந்தச் சுவரை அவள் மறக்கவில்லை. இந்த முறை தன் கையால் போடுவது, சோளமும் போகாமல் போடுவது. ஒரு வாரம் அவளுக்கு வேறு யோசனையே இல்லை.

வழி இருந்தது. ரோதாவின் குடும்பம் தலைவர் குடும்பத்துக்கு சாவிரா, அதாவது பரம்பரைக் கேலிக்காரர்கள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால், செத்தவரின் சட்டையை மாட்டிக்கொண்டு அவரைப் போலவே நடந்து பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது இவர்கள் பாத்தியதை. சாவிரா அந்த வீட்டில் எதை எடுத்தாலும் கேட்கக் கூடாது, எதைச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது. கோபித்தாலோ, அதற்காக அவர்களையும் கூடச் சிரித்தவர்களையும் தண்டித்தாலோ முன்னோருக்கே அவமானம். ஆனால் சாவுக்கும் கல்யாணத்துக்கும் உள்ள உரிமை ஓட்டுக்கும் செல்லுமா என்று யாரும் இதுவரை பார்த்ததில்லை. ரோதா பார்த்துவிட நினைத்தாள்.

வாக்களிப்பு நாள் காலை, தலைவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் நேராக அவர் வீட்டுக்குள் போனாள். அவருடைய கோட்டு, தொப்பி, கைத்தடி, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். தலைவரின் மனைவி பார்த்தாள், சிரிப்பு வந்த வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் குளிரில் வரிசை நின்றது. பட்டியலைக் கையில் பிடித்தபடி தலைவர் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, அவருடைய கோட்டில், அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு ரோதா வந்தாள்.

“மக்களே, நான்தான் ஷும்பா. கோழி முட்டை போடலைன்னாலும் தடைதான் காரணம். இன்னிக்கு எனக்குக் கண்ணு தெரியல, அதுக்கும் தடைதான். யாராச்சும் என் ஓட்டைப் போட்டுக் குடுங்கப்பா.”

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு வரிசையே குலுங்கியது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. தலைவரின் முகம் கறுத்தது, ஆனால் ஊர் முழுக்கப் பார்க்கிறது, எதிரில் நிற்பது சாவிரா. அவர் உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டி, முறைப்படி மரியாதை செய்தார். வேறு வழியில்லை.

சாவடி அதிகாரி வெளியே வந்தாள். உதவி வேண்டியவர்கள் முப்பத்தொரு பேராமே, கை தூக்குங்கள் என்றாள். ஒரு கையும் எழவில்லை. சிரித்த வாயோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ரோதா தன் முறை வந்ததும் தனியாக உள்ளே போனாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அவளும் பேனாவும் சீட்டும் மட்டும். ஒவ்வொரு பெயரையும் நிதானமாகப் படித்தாள். அவசரமே படவில்லை. தன் ஓட்டைத் தன் கையாலேயே போட்டபோது அழுகையும் சிரிப்புமாக வந்தது.

வெளியே கடைசியாக நின்றது தலைவர். அவர் ரோதாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயே வந்து என் ஓட்டப் போட்டுக் குடு, சாவிரா.”

“வெளிநாட்டுக்காரன் நமக்காக முடிவு பண்ணக் கூடாதுன்னு மேடை மேடையாப் பேசுறீங்களே, ஷும்பா. அது சரிதான். நானும் அதத்தான் சொல்றேன். உங்க ஓட்ட நான் தொட மாட்டேன்.”

மூக்குக் கண்ணாடியைக் கோட்டின் ஓரத்தில் நன்றாகத் துடைத்து அவள் அவர் கையில் வைத்தாள். சிங்கம் அதை மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்கத் தனியாக உள்ளே போயிற்று. அதிகாரி தன் பதிவேட்டில் ‘உதவியோடு வாக்களித்தவர்கள்’ என்ற இடத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.