வண்டி இழுக்கவில்லை என்று வருகிறவர்கள்

"எங்க, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

டை கட்டிய மனிதர் அக்கம்பக்கம் பார்க்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "க்ர்ர்ர்... டப்" என்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் சிரிக்கவில்லை. "டப்புக்கு அப்புறம் வண்டி இழுக்குதா, இல்ல அப்படியே படுத்துக்குதா?" என்று கேட்டு, பதிலை வரி பிசகாமல் எழுதிக்கொள்கிறார்.

கார் சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேசையில் இவருக்கு இது இருபத்தோராவது வருடம். மெக்கானிக்குகள் வைத்த பெயர் புகார்ப்பெட்டி; கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். 'பிக்கப் இல்லை' என்று இரண்டு வார்த்தையில் முடிய வேண்டியது, இவர் கையில், 'லாரியைத் தாண்டும்போது வண்டிக்கு மனசே வரமாட்டேங்குது' என்று மெக்கானிக்குக்குப் போகும் ஜாப் கார்டில் ஏறும். 'ஏசி போட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது' என்று இன்னொன்று. ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொள்வார்.

"நான் ஸ்பானர் எடுத்துட்டுப் போகவா, சமாதானம் பேசப் போகவா?"

வீட்டில் மனைவிக்கு வேறு வருத்தம். "ஊரான் புகாரெல்லாம் எழுதிக்கிறீங்க. பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு நான் ஒரு மாசமா சொல்றது மட்டும் காதுல விழல." மனிதர் நிமிர்ந்து, "சொட்டுச் சொட்டா ஒழுகுதா, விட்டு விட்டா?" என்று கேட்டு வைத்தார். அன்று சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

போன மாதம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் நான்காவது முறையாக வந்தார். கணவரை வாரம் மூன்று நாள் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறவர்.

"ஏத்தத்துல எவ்வளவு மிதிச்சாலும் வண்டி எழும்ப மாட்டேங்குது தம்பி. பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிச்சே உசுர எடுக்குறாங்க."

மூன்று முறையும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, குறை ஏதும் இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். இந்த முறை மகனும் கூட வந்திருந்தார். "வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. அம்மாவுக்குத்தான் வயசாயிடுச்சு. இன்னைக்கும் ஒண்ணும் இல்லன்னா சாவிய நான் வாங்கிக்கப் போறேன்." மகன் போன் பேச நகர்ந்ததும் அந்த அம்மா மெல்லச் சொன்னார்: "அவனுக்கு என்னைக்கு லீவு கிடைக்குமோ, அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரின்னு ஆயிடும்."

அன்றும் கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை. ஃபோர்மேன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பறக்குது" என்றார். புகார்ப்பெட்டிக்கு மனசு ஆறவில்லை. காரை எங்கே இடித்தோம் என்பதில் பொய் சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வண்டி இழுக்கவில்லை என்று யாரும் பொய் சொன்னதில்லை.

"நீங்களே ஓட்டுங்கம்மா. வீட்ல எப்படி எடுப்பீங்களோ, அப்படியே. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அந்த அம்மா டிக்கியைத் திறந்து, தடியான ஒரு ரப்பர் விரிப்பை எடுத்து, காலடியில் இருந்த விரிப்பின் மேலேயே போட்டார். "குதிகால் வலிக்கு இது வேணும். இங்க வந்தா உங்க ஆளுங்க எடுத்து டிக்கியில போட்டுடுறாங்க."

ஏற்றம் வந்தது. வண்டி முனகியது, பின்னால் ஹாரன் கேட்டது. புகார்ப்பெட்டி குனிந்து பார்த்தார். மேல் விரிப்பு முன்னால் நகர்ந்து, ஆக்சிலரேட்டருக்கு அடியில் மடிந்து கிடந்தது. அந்த அம்மா முழு மூச்சாக மிதித்தும் பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, விரிப்பை உருவி எடுத்தார். மறுபடி கிளம்பியபோது கார் பாய்ந்த பாய்ச்சலில், "மெதுவாடி" என்று அந்த அம்மாவே அதை அதட்டினார்.

புகார்ப்பெட்டிக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. எந்த வண்டி வந்தாலும், அழுக்காகாமல் இருக்க விரிப்புகளை எடுத்து வைத்துவிட்டுக் காகிதம் விரிப்பது அங்கே முதல் வேலை. நோயை எடுத்து டிக்கியில் வைத்துவிட்டு, நோயே இல்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று கையெழுத்தும் அவருடையது.

திரும்பி வந்ததும், குதிகால் படும் இடத்துக்கு மட்டும் மெத்தென்று ஒரு ரப்பர் துண்டை வெட்டி, நகராதபடி ஒட்டச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட மகன், "அப்ப அம்மா செஞ்ச தப்புதானா?" என்றார்.

பதிலுக்குப் புகார்ப்பெட்டி ஜாப் கார்டை எழுதி, சத்தமாகப் படித்தார்: "வண்டிக்காரர் சொன்னது முழுக்கச் சரி. விரிப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தது எங்கள் தவறு." ஃபோர்மேனும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மகன் கார்டை இரண்டு முறை படித்தார். ஆனாலும் அவர் கால், பழக்கத்தில், ஓட்டுநர் இருக்கைப் பக்கம்தான் போயிற்று. "நானே ஓட்டிட்டு வர்றேன்மா."

புகார்ப்பெட்டி மேசையைச் சுற்றிக்கொண்டு வேகமாக வெளியே வந்தார். காரின் மறுபக்கம் போய், பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தார்.

"சார், உங்க சீட்டு இந்தப் பக்கம்."

மகன் சுற்றி வந்து உட்காரும்வரை, கதவைப் பிடித்தபடியே நின்றார்.