கன்றைப் பிடித்த சீனப்பெண்

அக்கா பெரியபிள்ளையாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. சடங்கு முடிந்தது, பலகாரம் முடிந்தது, பள்ளிக்கூடமும் அதோடு முடிந்தது என்று ஐயா சொல்லிவிட்டார். வாத்தியார் எங்கள் உரும்பிராய் வீட்டுக்கு இரண்டு தரம் வந்து கேட்டும் ஐயா அசையவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தவள் வீட்டுக்குள்ளிருந்து என்னுடைய மூன்றாம் வகுப்புக் கணக்குகளைச் செய்துதந்தாள். எனக்கு அது பெரிய வசதி. அவள் அழுததை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பதை வெட்கத்தோடுதான் சொல்லவேண்டும்.

அந்த நாளில் சீனர்கள் பட்டுத்துணி மூட்டையோடு ஊரூராக வருவார்கள். ஒரு மத்தியானம் வந்தவர் மனைவியையும், அக்காவின் வயதுள்ள மகளையும் கூட்டிவந்திருந்தார். மனைவியின் சப்பாத்து என் பாதத்துக்கே காணாது. மாமரத்தடிக்கு வருவதற்கே அந்த அம்மாள் மகளின் தோளைப் பிடிக்கவேண்டியிருந்தது. அம்மா பட்டைப் பார்க்காமல் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் உப்பிடி?" என்று கேட்டார்.

"சின்னதிலை கட்டினது. சின்னக் கால், நல்ல மாப்பிள்ளை" என்றார் சீனர், சந்தையில் பழகிய தமிழில். பிறகு மகளைக் காட்டி, "இப்ப கட்டுறது இல்லை. இவள் ஓடும்" என்று சிரித்தார்.

அவள் ஓடியும் காட்டினாள். எங்கள் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஒழுங்கையில் பாய்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பென்றால் அக்காதான் பிடித்திருப்பாள். ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. இப்போது வாசற்படியில் நின்று "பிடி, பிடி" என்று கத்த மட்டுந்தான் அவளால் முடிந்தது. சீனப்பெண் துரத்திப் பிடித்துவந்து அம்மாவிடம் கயிற்றைக் கொடுத்தாள். அம்மா மூவருக்கும் மோர் கொடுத்தார். ஒரு முழம் பட்டும் வாங்கவில்லை. சட்டைத்துணி கிடைக்காத ஆத்திரத்தில் நான் சாப்பிடாமல் இருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பொழுதுபட ஐயா சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா, "பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார்.

"ஊர் என்ன கதைக்கும்?"

"சீனரே கட்டுறதை விட்டிட்டினம். நாங்கள் ஆரைப் பாத்துக் கட்டிவைச்சிருக்கிறம்?"

ஐயா இன்னொரு அகப்பை சோறு கேட்டார். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம். கை கழுவும்போது மட்டும், வண்டிலுக்குச் சீலை கட்டி மறைக்கவேண்டும் என்றார்.

திங்கட்கிழமை சீலை கட்டிய வண்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன். அம்மா வாசல் படலையோடு நின்றுவிட்டார். நான் சீலையை விலக்கி, எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.

"எனக்கென்ன வேலை அங்கை? நீங்கள் போட்டு வாங்கோ."

அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தை ஒருநாளும் கண்டதில்லை. அரைமைல் தூரந்தான். நடக்கப் பஞ்சி, சோம்பல்படுகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.