பத்து விரலோடு வந்தவர்கள்

காந்திமதி அக்கா யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார். முதலில் கை. கல்யாணப் படம் பேச வருகிற பையன் நாற்காலியில் உட்காருவதற்குள் அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்து முடித்திருப்பார். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, ஒரகடம் கூட்ரோட்டில் இருக்கும் அவருடைய ஸ்டுடியோவில் விளக்குப் பிடிக்கச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன்.

காரணம் இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற சின்னப் பட்டறைகளில் பவர் பிரஸ் என்கிற தகடு அழுத்தும் இயந்திரம் விரலை எடுத்துவிடும். ஒரு விரல் போனவன், மூன்று போனவன், உள்ளங்கை மட்டும் மிஞ்சியவன் என்று மாப்பிள்ளைகள் வருவார்கள். பெண் வீட்டாருக்கு விஷயம் தெரியும். ஆல்பத்தைப் புரட்டுகிற சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அக்கா மாலையைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். பெண்ணின் கையை எடுத்து அந்தக் கையின் மேல் வைப்பார். "கைய மறந்துடு ராஜா, பொண்ண பாரு. அதான் ஆயுசுக்கும் பாக்கப்போறியே" என்பார். கூட்டம் சிரிக்கிற நேரத்தில் படம் எடுத்துவிடுவார். எங்கள் ஸ்டுடியோ ஆல்பங்களில் ஊனமான மாப்பிள்ளை ஒருவர்கூட இல்லை.

அக்கா பிறந்தது மணிமங்கலம். கட்டிக்கொடுத்தது சேரப்பணஞ்சேரி. ஸ்டுடியோவை வைத்தவர் புருஷன் நடேசன். குடித்தால் அடிப்பார், அடித்து அடித்து அக்காவுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. ஒருநாள் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடமிருந்து அக்கா அதைப் பிடுங்கி, அவர் முழங்காலிலேயே இறக்கினார். "மொறுக்குனு ஒரு சவுண்டு. அதுக்கப்பறம் வூட்ல சவுண்டே இல்ல" என்பார். நடேசன் நொண்டிக்கொண்டே தங்கை வீட்டுக்குப் போனவர்தான்.

கல்யாணம் இல்லாத நாட்களில் அக்கா நஷ்டஈட்டு வழக்குகளுக்குப் படம் எடுப்பார். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும். மாரிமுத்துவை அப்படித்தான் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், வடக்குப்பட்டில் அறையெடுத்துத் தங்கியிருந்தான். பிரஸ் இறங்க வேண்டுமென்றால் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்க வேண்டும். அப்போதுதான் கை வெளியே இருக்கும். வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒப்பந்தக்காரர் தசரதன் ஒரு பட்டனை அமுக்கி, மேலே டேப் ஒட்டி வைத்திருந்தார். மாரிமுத்துவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

"வலிக்குதாடா?" என்று அக்கா கேட்டார்.

"வலிக்கத்தான் செய்யும். போனது போட்டும்க்கா. இந்தா இடது கை இருக்கில்லா? இனி திங்குறதும் இதுதான், களுவுறதும் இதுதான். பாவம், ஓவர்டைம் வேல பாக்கு."

அக்கா சிரித்துவிட்டார். நர்ஸ் அதட்டினாள்.

மாரிமுத்து தசரதன்மேல் வழக்குப் போட்டான். தசரதனின் ஆள் ஒருவன் டீக்கடையில் வைத்தே சொன்னான்: "கேஸ வாபஸ் வாங்கிக்க. இல்லன்னா உனக்குச் சோறு ஊட்ட ஆள் தேடணும்." மாரிமுத்து வாபஸ் வாங்கவில்லை. அன்றிலிருந்து வெளியே போகும்போது இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நடப்பான்.

அந்தச் சமயத்தில்தான் இனியவன் வந்தான். வடக்குப்பட்டுப் பையன், சென்னையில் சிற்பம் படித்தவன். மூடிக்கிடந்த ஒரு பட்டறைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஒரு நிகழ்ச்சி செய்யப்போவதாகச் சொல்லி, படம் எடுக்க அக்காவைக் கூப்பிட்டான். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் இருட்டுக்குள் நடந்துபோக வேண்டும். கூரையிலிருந்து பட்டறைகளில் கழித்துப்போட்ட கையுறைகள், எண்ணெய்ப் பிசுக்கோடு, முகத்தில் உரசுகிற உயரத்தில் தொங்கும். காலடியில் இரும்புத் தகடு, அதற்கடியில் ஸ்பீக்கர். பிரஸ் இறங்கும் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு உதறும். நடுவில் ஒரு மரப் பிரஸ். அதன் முன்னால் விரல் போன தொழிலாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு ஷிப்ட் முழுக்க வேலை செய்வார்கள். ஒரு விரலாவது போனவர்தான் உள்ளே நடிக்கலாம். சூப்பர்வைசர் வேஷத்தில் வந்து கத்துகிற வானமாமலைக்கும் சுண்டுவிரல் கிடையாது.

ஒத்திகையில் அக்கா எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு இனியவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு படத்திலும் கை இல்லை. தோளுக்குப் பின்னால், கையுறைக்கு அந்தப் பக்கம், பிரஸ்ஸுக்கு மறைவில் என்று அத்தனை கையையும் பழக்கத்தில் மறைத்திருந்தார்.

"இன்னாக்கா இது, எல்லாரும் மாப்ள மாதிரி கீறாங்க?"

"அட ஆமான்டா. தாலி ஒண்ணுதான் கொறச்ச."

அதன் பிறகு கையை மட்டும் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்தார். அது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை பகலில். தொழிலாளர் ஹாஸ்டல் பையன்களும், சென்னையிலிருந்து வந்தவர்களும், ஊர்ப் பெண்களும் வந்தார்கள். வாசலில் இனியவன் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினான்: உள்ளே என்ன நடந்தாலும் யாரும் தடுக்கக் கூடாது, அலறினாலும் கிட்டப் போகக் கூடாது. படம் எடுக்கிற எங்களுக்கும் அதுதான் சட்டம்.

மதியத்துக்கு மேல் மாரிமுத்துவின் முறை. விபத்தான அன்றைக்குக் கத்தியதை அப்படியே கத்துவது அவன் பங்கு. "நெசமாப் போச்சே! என் கை நெசமாவே போச்சே!" என்று அவன் அலறியபோது கூட்டம் உறைந்து நின்றது. அந்த நேரத்தில் தொழிற்சாலைச் சட்டையும் ஹெல்மெட்டும் போட்ட மூன்று பேர் கையுறைகளை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் மாரிமுத்துவின் முடியைப் பிடித்து இழுத்து அவன் முகத்தை மரப் பிரஸ்ஸில் மோதினான். நெற்றி பிளந்தது. இன்னொருவன் வயிற்றில் உதைத்தான்.

யாரும் அசையவில்லை. இதுவும் நிகழ்ச்சி என்றே நினைத்தோம்.

"இனியவன் இதச் சொல்லவே இல்ல பாரேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா மண்டியிட்டு எடுத்தார். "லைட்ட எறக்கு. ரத்தம் தெரியணும்."

"அக்கா! நெசமாவே அடிக்கானுவ! நெசமாத்தாங்க்கா!" என்றான் மாரிமுத்து. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ நல்லா பண்றாரு" என்றாள். பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

அவனைக் கீழே தள்ளி, அவன் சட்டைக்குள் செருகிக்கொண்ட இடது கையை வெளியே இழுத்து, தகட்டின் மேல் வைத்து மிதித்துக்கொண்டான் ஒருவன். அடுத்தவன் இரும்புக் கம்பியை ஓங்கி இறக்கினான். எலும்பு உடைகிற சத்தம் ஸ்பீக்கர் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. மாரிமுத்து இந்த முறை கத்தவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

கம்பி மறுபடி மேலே போனது. அக்கா கேமராவில் ஓங்கியவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கைகள். கேமரா கண்ணைவிட்டு இறங்கியது.

"டேய், இவனுக்குப் பத்து விரலும் கீதுடா! நம்மாளு இல்லடா!"

அப்படிக் கத்தி முடிப்பதற்குள் அக்கா கேமராவை வாரோடு சுழற்றி அவன் வாயிலேயே அடித்தார். நீளமான லென்ஸ், கனம். பற்கள் தகட்டில் விழுந்து உருண்டன. மிதித்துக்கொண்டிருந்தவன் அந்தக் கம்பியை எடுத்து அக்காவின் தோளில் போட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்து அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். நான் விளக்கை அவன் கண்ணுக்கு நேராகத் திருப்பினேன். அவன் முகத்தை மூடிக்கொண்டான். அதற்குள் ஹாஸ்டல் பையன்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பிறகு நடந்ததும் அடிதான். இரண்டு பேர் தப்பி ஓடினார்கள். பல் போனவன் மாட்டிக்கொண்டான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே அடித்தார்கள். விலா எலும்பில் ஏறி மிதித்தார்கள். கை தட்டிய கூட்டத்திலிருந்தும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். வானமாமலை அவன் வலது கையைத் தகட்டில் வைத்து அழுத்தி, "எடுங்கலே கம்பிய. இவன் பத்தையும் நம்ம கணக்குக்குக் கொண்டாந்துருவோம்" என்றான். ஒரு பையன் கம்பியை ஓங்கியும்விட்டான்.

"ஏல, வேண்டாம்லே!" தரையிலிருந்து மாரிமுத்து கத்தினான். "அவன் கைய ஒடிச்சா கேசு நம்ம பக்கம் திரும்பிரும்லே. மொதல்ல என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடே, மடப்பயலுவளா!"

கம்பி நின்றது. வானமாமலை கையை விட்டுவிட்டு, போகிற போக்கில் பல் போனவன் முகத்தில் ஓர் உதை விட்டான்.

அக்கா தவழ்ந்து மாரிமுத்துவிடம் வந்தார். "விரல ஆட்டு கண்ணு." கட்டைவிரலும் சுண்டுவிரலும் அசைந்தன. நடுவில் இருந்தவை அசையவில்லை. கேமராவின் லென்ஸ் நொறுங்கியிருந்தது. "போனக் குடுடி. வீங்கறதுக்கு முன்ன எடுக்கணும். லைட்ட நேரா காட்டு" என்றார் என்னிடம். உடைந்த அந்தக் கையை, விரல் விரலாக, எதையும் மறைக்காமல் எடுத்தார். எடுத்து முடித்த பிறகுதான் தன் தோள் தொங்குவதைக் கவனித்து வாந்தியெடுத்தார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பிடிபட்டவன் வாக்குமூலத்தில் கைதான தசரதன் ஜாமீனில் வெளியே இருக்கிறார். பட்டறை வேறு பெயரில் ஓடுகிறது. மாரிமுத்துவின் இரண்டு வழக்குகளும் வாய்தாவில் நிற்கின்றன. பல்லை உடைத்ததற்காக அக்காவின் மீதும் ஒரு வழக்கு இருக்கிறது; கேமரா கோர்ட்டில். அவர் இரவல் கேமராவில் கல்யாணங்கள் எடுக்கிறார், வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. மாரிமுத்துவின் இடது கையில் எலும்பு கூடிவிட்டது, நடு மூன்று விரல்கள் மடங்குவதில்லை. டீ கிளாஸைப் பிடிக்கிறான். சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறான். சட்டைப் பொத்தானை அறையில் இருக்கிற பையன்கள்தான் போட்டுவிடுகிறார்கள்.